எந்த இடத்தில் நின்றீர்கள்?

ஜனவரி 6, செவ்வாய்

மருந்துக் கம்பெனிக்காரர் டாக்டர் ஹமீதாவுக்குக் கொடுத்த டைரி இது. அவர் என் தலையில் கட்டிவிட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மாத்திரையின் பெயர் அச்சடித்திருக்கிறது. இன்றைய பக்கத்துக்கு வாயுத் தொல்லை மாத்திரை. வருஷம் மங்களமாகத்தான் தொடங்குகிறது.

ஆஸ்பத்திரி இதயப் பிரிவில் என் வேலை கேள்வி கேட்பது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம் நான்காம் நாள் போய் உட்கார்ந்து, டாக்டரின் ஆராய்ச்சிக்காக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். முக்கியமானது நான்காவது கேள்வி: இந்த அட்டாக்குக்கு முந்தின நாட்களில் நெஞ்சு வலி இருந்ததா? கடைசி ஒன்பதாவது கேள்வி: இருந்திருந்தால், அது வீட்டில் யாருக்காவது தெரியுமா?

இன்று படிவம் 34. பேட்டையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். "வலியா? ஒரு நாளும் கெடையாதும்மா. கல்லு கணக்கா இருந்தேன்" என்றார். பக்கத்தில் மனைவி நின்றார். மனைவி நிற்கும்வரை எல்லா ஆண்களும் கல்தான். "அக்கா, கீழ போயி ஒரு டீ வாங்கிட்டு வந்துருங்க" என்று அனுப்பினேன். பிறகு வலி என்ற பேச்சையே எடுக்காமல், "எந்த இடத்துல நின்னிய?" என்று கேட்டேன். இது நானாகக் கண்டுபிடித்தது. வலித்ததா என்று கேட்டால் இல்லை என்பார்கள். எங்கே நின்றீர்கள் என்று கேட்டால் யோசிப்பார்கள்.

"அரிசி மூட்டைய இழுப்பேன்லா, பாதியில வந்து கல்லாவப் புடிச்சிக்கிட்டு நின்னுருவேன். ஒரு பத்து நாளா" என்றார் கல்.

டீயோடு வந்த மனைவியிடம் ஒன்பதாவது கேள்வி. "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா." முப்பத்து நான்கு வீட்டிலும் இதே பதில். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள், ஒன்றும் தெரியாதாம். நன்றாகக் குடும்பம் நடத்துகிறார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். இவர் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுப்பவர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். வீடு பூட்டியிருந்தால் 'டோர் லாக்' என்று போட்டுவிட்டுப் போவாரே தவிர, மீட்டரைப் பார்க்காமல் ஓர் எண்ணைக் கூட எழுதமாட்டார். இப்போது எல்லாம் செல்போனில் ஏற்றினாலும் சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டும் வைத்திருக்கிறார். "என் மீட்டரு பொய் சொல்லாது, ஒன் மீட்டருதான் சொல்லுது" என்றார்.

ஜனவரி 9, வெள்ளி

மாவு அரைத்தேன். காஸ் வந்தது. இவர் ஈரடுக்குப் பாலத்தில் எப்போதும்போல மேலே ஏறி மிதித்து வராமல் கீழ்வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்ததைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். வீட்டில் கேட்டதற்கு, "பஞ்சர்" என்றார். அப்போது தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 14, புதன்

நாளை பொங்கல். கரும்புக் கட்டை இவர் தோளில் சுமந்து வருவதுதான் வழக்கம். தெருவே பார்க்க வேண்டும் என்று நடுவில் நடந்து வருவார். இந்த வருஷம் ஆட்டோவில் வந்து இறங்கினார். கரும்புக்கு ஆட்டோவா என்று கேலி செய்தேன். "எனக்கும் வயசு அம்பத்தி நாலாச்சில்லா" என்றார். ஓசூரிலிருந்து மகள் போன் செய்தாள், லீவு இல்லையாம். மஞ்சள் கொத்து இந்தத் தடவை நன்றாக இருக்கிறது.

ஜனவரி 19, திங்கள்

படிவம் 41. வண்ணார்பேட்டை அம்மா ஒருத்தி. குடிநீர்க் குழாயில் முழுக்குடம் எடுப்பவள், பதினைந்து நாளாக அரைக்குடம் அரைக்குடமாக எடுத்தாளாம். ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லையாம்.

அவளுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்ததில் பம்பிங் நாற்பத்தெட்டு. பம்பிங் என்றால் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னிடமுள்ள ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. அறுபது நல்ல இதயம். முப்பதுக்குக் கீழே போனால் மாடிப்படி ஏறுவதே மலையேற்றம். இரண்டு கட்டில் தள்ளி, வலி என்பதையே அறியாத ஒரு ஜிம் மாஸ்டர் இருந்தார். அவருக்கு முப்பத்திரண்டு.

வலி வந்தவளுக்கு எப்படி அதிகம் என்று டாக்டரிடம் கேட்டேன். "பெரிய அடைப்பு வர்றதுக்கு முந்தி சின்னச் சின்னதா வலி வந்திருந்தா, ரத்தம் குறையறதைத் தாங்க அந்த இதயம் கொஞ்சம் பழகிக்குது போல. அப்புறம் பெரிய அடி விழும்போது சேதம் குறைச்சலா இருக்கு. வெளியில பல இடத்துல பாத்துச் சொல்லியிருக்காங்க. நம்ம ஊர் ஆளுங்களுக்கும் அப்படித்தானான்னுதான் பாக்குறேன். எல்லாருக்கும் அப்படி அமையாது. அதனாலதான் நாலாவது கேள்விக்கு நிஜமான பதில் வேணும் சக்தி. பொய்யா ஒரு 'இல்லை' விழுந்தா மொத்தமும் கோணிடும்."

என் முழுப்பெயர் பிரம்மசக்தி. ஆஸ்பத்திரியில் ஒருவரும் முழுதாகச் சொல்வதில்லை.

ஜனவரி 23, வெள்ளி

மாடித் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது. இவரிடம் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. பார்க்கலாம், பார்க்கலாம் என்கிறார். வேலையைத் தள்ளிப்போடுகிற ஆளில்லை.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தின லீவு. நான் நச்சரித்ததில் தொட்டி கழுவியாகிவிட்டது. நான் காபி எடுத்துப் போனபோது இவர் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்திருந்தார். காத்து வாங்குகிறேன் என்றார். எங்கள் படிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் சுவர். அங்கே காற்று வராது.

காபியைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். துணி ஊறவைத்திருந்தேன்.

ஜனவரி 28, புதன்

நேற்றுக் காலை ஏழு மணிக்கு இவருக்கு மாரடைப்பு வந்தது. பல் தேய்த்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "சக்தி, ஆட்டோவக் கூப்பிடு" என்றார். ஒரு கேள்வியும் கேட்காமல் கூப்பிட்டேன். தெரிந்த முகங்கள் என்பதால் வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் வந்தது. எட்டரைக்குள் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய். மேல்பகுதியிலேயே அடைப்பு.

என் ஆஸ்பத்திரியில், நான் தினமும் நடக்கிற அதே வராந்தாவில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஜனவரி 29, வியாழன்

மகள் வந்துவிட்டாள். இவர் இட்லி கேட்டார்.

ஜனவரி 31, சனி

எக்கோ எடுத்தார்கள். பம்பிங் ஐம்பது.

டாக்டர் திரையை இரண்டாவது முறை பார்த்தார். "இந்த இடத்து அடைப்புக்கு நான் நாற்பதுக்கு மேல எதிர்பாக்கல. சீக்கிரம் வந்ததும் ஒரு காரணம். ஆனா... முன்னாடி இவருக்கு வலி ஏதாவது இருந்துச்சா சக்தி?"

"இல்ல மேடம்" என்றேன்.

இவரிடம் நான் அதுவரை கேட்கவே இல்லை. கேள்வி வந்து முடிவதற்குள் என் வாயிலிருந்து பதில் வந்துவிட்டது. டாக்டர், "சரி, படிவம் போட்டுடுங்க" என்றார். இவருக்கு எண் 46.

பிப்ரவரி 2, திங்கள்

நாளை வீட்டுக்குப் போகலாம். படிவத்தை எடுத்துக்கொண்டு கட்டில் அருகே உட்கார்ந்தேன். முதல் மூன்று கேள்விகள் பெயர், வயது, தொழில். பிறகு நான்காவது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார்.

"எந்த இடத்துலயாவது நின்னியளா?"

இந்தக் கேள்வியின் சூட்சுமத்தை நானே அவரிடம் பலமுறை சொல்லி இருவரும் சிரித்திருக்கிறோம். சுவரைப் பார்த்துக்கொண்டு, "டோர் லாக்னு போட்டுக்கோ" என்றார்.

மற்ற வீட்டில் என்றால் மனைவியை டீ வாங்க அனுப்பிவிடுவேன். இங்கே மனைவி நான். எனக்குக் கோபம் வந்தது. எந்தக் கோபம், யார் மேல் என்று இங்கே எழுதப்போவதில்லை. படிவத்தைக் காலியாகவே மடித்துப் பையில் வைத்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

மகள் ஊருக்குப் போனாள். இவர் முன்னறைக்கும் பின்னறைக்குமாகப் பத்து நிமிஷம் நடக்கிறார். நடையை எண்ணுகிறார். எதையாவது எண்ணாவிட்டால் இவருக்குத் தூக்கம் வராது.

சைக்கிள் தூசி படிந்து நின்றது. துடைத்துக் காற்றடிக்கலாம் என்று இசக்கியின் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "அப்படியே பஞ்சர் ஒட்டுன இடத்தையும் பாத்துரு இசக்கி" என்றேன். அவர் இரண்டு டயரையும் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணாச்சி வண்டிக்குத் தீவாளிக்கு அப்புறம் பஞ்சரே ஒட்டலியேக்கா. ட்யூபு புத்தம் புதுசால்லா இருக்கு."

பிப்ரவரி 7, சனி

இந்த டைரியை முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் கஞ்சி குடித்தபிறகு இவர் முன்னால் ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் படிவத்தையும் பேனாவையும் வைத்தேன்.

"டீ குடிக்கப் போறேன். வர முக்கா மணி நேரம் ஆவும். வீட்டுல யாருமில்ல" என்றேன்.

வீட்டில் டீத்தூள் இருப்பது அவருக்கும் தெரியும். என் முகத்தையே பார்த்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முக்குக் கடையில் நாலைந்து ஆண்களுக்கு நடுவே தனியாக நின்று டீ குடித்தேன். சூட்டில் நாக்கு பொத்துவிட்டது. இத்தனை மாதமாக நான் கீழே அனுப்பிய பெண்களை நினைத்தேன். அவர்களும் இப்படித்தான் கையில் கிளாஸை வைத்துக்கொண்டு, மேலே என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் நின்றிருப்பார்கள். தெரியாமலா நின்றிருப்பார்கள்?

திரும்பி வந்தேன். படிவத்தில் ஒரு கோடுகூட இல்லை. ஆனால் அதன் மேல் இவருடைய குட்டி நோட்டு இருந்தது. ஜனவரி மாதம் முழுக்க இணைப்பு எண்களும் ரீடிங்குகளும் பொடி எழுத்தில். சில எண்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.

"மாடி வீடுங்க" என்றார். "எந்தப் படியில நின்னேனோ அங்க ஒரு புள்ளி. எழுதாம இருக்க முடியல."

எண்ணினேன். பன்னிரண்டு புள்ளிகள். முதல் புள்ளி ஜனவரி 7. ஒன்பதாம் தேதி எண்ணுக்குப் பதில் 'பாலம்' என்று எழுதிப் புள்ளி. பதினான்காம் தேதி 'மார்க்கெட்'. கடைசிப் புள்ளி இருபத்தாறாம் தேதி, 214 என்ற எண்ணுக்குப் பக்கத்தில். எங்கள் வீட்டு மீட்டரின் எண் அது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எதுக்கு எங்கிட்ட மறச்சிய?"

"மொத நாளு சொல்லத்தான் வந்தேன். அன்னிக்குப் பாத்து நீ பம்பிங் இருவத்தெட்டுன்னு ஒரு ஆளப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்த. அவன் மறச்சான், இவன் மறச்சான்னு தெனமும் நீ சொல்லுவ, நானும் சிரிப்பேன். நாளைக்கு என்னையும் அந்த லிஸ்ட்டுல சேத்துருவியோன்னு ஒரு இது. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும், நேத்தே சொல்லலியே, இன்னிக்கு எப்படிச் சொல்லன்னு போயிட்டு."

பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்: "நீ ஏன் கேக்கல? பஞ்சர்னு சொன்னேன். நீ நம்பல, ஒன் மூஞ்சியிலயே தெரிஞ்சுது. இப்ப கேப்பா, சொல்லிருவோம்னு நின்னேன். நீ தோசையத் திருப்பிப் போட்ட."

அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. உள்ளே போய் இந்த டைரியை எடுத்துவந்து ஒன்பதாம் தேதியை வாசித்துக் காட்டினேன். பதினான்கை வாசித்தேன். இருபத்தாறில் 'அங்கே காற்று வராது' என்ற இடம் வரை வாசித்தேன். அதற்குமேல் முடியவில்லை. இவர் கையை நீட்டி டைரியை வாங்கித் தன் நோட்டோடு தேதி தேதியாக ஒத்துப் பார்த்தார், இரண்டு மீட்டரைச் சரிபார்ப்பதுபோல.

"எல்லாம் சரியா எழுதியிருக்க" என்றார்.

கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தேன். அதுதான் காரணம், வேறொன்றுமில்லை. நாற்பத்தைந்து பேரின் பதிலை ஆஸ்பத்திரி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிடலாம். இவருடைய பதில் வந்தால் அது என்னோடு இதே வீட்டில் இருக்கும். அந்தப் பயத்தில் இவரைப் படியில் உட்காரவைத்துவிட்டுத் துணி துவைக்கப் போயிருக்கிறேன்.

இவர் நோட்டை என் பக்கம் தள்ளினார். "ரீடிங் இருக்குல்லா. பாத்து எழுது."

பிப்ரவரி 11, புதன்

டாக்டர் ஹமீதாவின் அறைக்கு இவரையும் அழைத்துக்கொண்டு போனேன். படிவத்தையும் குட்டி நோட்டையும் மேஜையில் வைத்தேன்.

"மேடம், முன்னாடி வலி இல்லைன்னு அன்னிக்கு நான் சொன்னது பொய். இவர்கிட்ட கேக்காமலே சொன்னேன்."

அவர் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசிப் புள்ளிக்கும் அட்டாக்குக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில், "இருபது" என்றோம்.

"இந்த வலிங்க உதவியிருக்கலாம். ஐம்பதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

இவருக்கு உடனே வாயெல்லாம் பல். "அப்ப நான் நின்னு நின்னு போனது நல்லதுக்குத்தான்னு சொல்லுங்க டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. "மொத புள்ளி வச்சீங்களே, அன்னிக்கே வந்திருந்தா இந்த அட்டாக்கே வராமப் பாத்திருக்கலாம். அறுபதா இருந்திருக்க வேண்டியது ஐம்பதா மிஞ்சினதுக்குக் கொண்டாடாதீங்க. இதே மாதிரி புள்ளி வச்சிக்கிட்டு ஆஸ்பத்திரி வாசலைப் பாக்காமலே போனவங்க என் படிவத்துல வரமாட்டாங்க, தெரியுமா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் சேர்த்துச் சொன்னதுதான் அது.

டாக்டர் படிவத்தைத் திருப்பி ஒன்பதாவது கேள்வியில் விரலை வைத்தார். வீட்டில் யாருக்காவது தெரியுமா? 'தெரியும்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தேன். பக்கத்தில் 'மனைவி' என்று எழுதியிருந்தேன்.

"இந்தக் கட்டத்துல இதுவரைக்கும் டிக்கே வந்ததில்லையே."

"மத்ததெல்லாம் நான் கேட்ட லட்சணம் அப்படி மேடம். மொதல்ல வெளிய அனுப்பிட்டு, அப்புறமா வந்து தெரியுமான்னு கேட்டா, யாரு தெரியும்னு சொல்லுவா?"

டாக்டர், கிடைக்கிறவர்களை எல்லாம் போனில் கூப்பிட்டு மறுபடி கேட்கச் சொன்னார். பட்டியல் எடுத்துக்கொண்டேன்.

இவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வார்டுக்குப் போனேன். படிவம் 49. மானூர் பக்கத்து விவசாயி. வழக்கம்போல், "நெஞ்சு வலியா, சேச்சே" என்றார். அவர் மனைவி கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வார்டில் என் பழக்கம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது போல. "நான் டீ வாங்கப் போட்டுமாம்மா?" என்று அவரே எழுந்தார்.

"வேண்டாம்மா. இருங்க" என்றேன். நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். "இவுக எந்த இடத்துல நின்னாக?"

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். பையின் காதை முறுக்கினார். நான் காத்திருந்தேன்.

"வரப்புல, பம்புசெட்டுக்கு இந்தாண்ட" என்றார். "மூணு வாரமா. நான் சோத்துச் சட்டியோட பின்னால வருவேன். இவுக நிக்கதப் பாத்தா நானும் நின்னுக்கிடுவேன்."

கணவர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.